அத்தான் மாடா, மச்சான் மாடா: ஒரு தீவனக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அடுத்தடுத்த காம்பராக்களில் (அறைகளில்) இருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மாட்டுப்பட்டியில் ஆளுக்கொரு கறவை மாடு வைத்திருக்கின்றன. பெரியவருடையது பிரீசியன் கலப்பு. அவர் மனைவியின் தம்பி வைத்திருப்பது ஜேர்சி கலப்பு. புண்ணாக்கு, தீவன மூட்டை, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்தே வாங்குவார்கள், செலவு பாதிக்குப் பாதி. தீவன விலை ஏறும்வரை இதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஏறியதும் தம்பிக்காரர் கேட்டார்: "அத்தான், உங்க மாடு பெருசு. நான் எதுக்குச் சரிபாதி கொடுக்கணும்?"

"பெருசுதான் மாப்ள, இல்லேங்கல. எவ்வளவு பெருசு? பக்கத்துல நிறுத்திப் பாரு, ஒரு சாண்கூடத் தேறாது. வேணும்னா பத்துக்குப் பதினொன்னுன்னு போட்டுக்க."

தம்பிக்காரருக்கு அது போதவில்லை. மாடு வாங்கி விற்கும் ஒருவரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். அவர் இரண்டு மாட்டையும் பார்த்துவிட்டு "மூணுக்கு நாலு" என்று சொல்லியிருந்தார். பத்துக்குப் பதினொன்று என்றால் ஆயிரம் ரூபாய்ச் செலவில் அத்தான் 524 ரூபாய் கொடுக்க வேண்டும். மூன்றுக்கு நான்கு என்றால் 571. ஆயிரத்துக்கு 47 ரூபாய் இடைவெளி. மாதம் முழுவதும் தீவனம் வாங்கும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தாள் பெரியவரின் மகள். உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில்) பௌதிகவியல் படிக்கிறவள். "அப்பா, மாமா, ரெண்டு பேரும் சொல்றது தப்பு. கிலோவுல சொன்னா அது திணிவு. நிறைன்னா நியூட்டன்ல சொல்லணும். அதோட மலையில ஈர்ப்பு குறைவு, தெரியுமா?" (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்குள்ள பாடநூல்களில் திணிவு, நிறை என்பவை உங்கள் பாடநூல்களில் நிறை, எடை.)

கடைசியாகப் பேசியவர் அவளுடைய அம்மா. பகல் முழுவதும் கொழுந்து எடுத்துவிட்டு, சாயங்காலம் இரண்டு மாட்டுக்கும் புல் அறுத்துச் சுமந்து வருபவர் அவர்தான். "மழைக் கொழுந்துக்குத் தண்ணின்னு கிலோ கழிக்கிறாங்க. நான் சுமந்துட்டு வர்ற மழைப் புல்லுக்கு யாரு கழிக்கிறது?"

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னிடம் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நான்கு பேரும் நான்கு வெவ்வேறு அளவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சொன்னது நீளம், மச்சான் சொன்னது திணிவு, மகள் சொன்னது ஈர்ப்பு விசை, அம்மா சொன்னது தண்ணீர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த நான்கில் எந்த வித்தியாசம் பணத்தைத் தொடுகிறது, எது தொடுவதில்லை என்பதை எண்களைப் போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. விலங்குகளின் அளவைப் பற்றிச் சண்டை வரும் இடங்களிலெல்லாம் நான் கவனித்தது இது: அதிகச் சத்தம் எழும் வாதம் பெரும்பாலும் மிகச் சிறிய வித்தியாசத்தைப் பற்றியது. பெரிய வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

நாடா சொன்னது

தோட்டத்தில் மாட்டை நிறுக்கத் தராசு கிடையாது. கொழுந்துத் தராசு மாட்டைத் தாங்காது. லொறி நிறுக்கும் இடத்துக்கு ஓட்டிப் போனாலும் அந்தத் தராசு பத்துக் கிலோ, இருபது கிலோ படிகளில்தான் காட்டும். ஆகவே தராசில்லாத கால்நடைக்காரர்கள் எங்கும் செய்வதையே நாங்களும் செய்தோம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் பிடித்து ஓர் அளவு. தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரை இன்னோர் அளவு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். அங்குலத்தில் அளந்து 300 ஆல் வகுத்து இறாத்தலில் விடை காணும் பழைய ஷேஃபர் சூத்திரம்தான் இது, சென்ரிமீற்றருக்கு மாற்றியது.

ஜேர்சிக்குச் சுற்றளவு 160 சென்ரிமீற்றர், நீளம் 135. விடை 319 கிலோ. பிரீசியனுக்குச் சுற்றளவு 176, நீளம் 148. விடை 423 கிலோ.

அத்தான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் அளந்தாலும் அவர் மாடு பத்தில் ஒரு பங்குதான் பெரியது. மச்சான் சொன்னதும் சரி. 319 க்கு 423 என்பது மூன்றுக்கு நான்கேதான்.

இந்த 10,840 எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். அதைக் கேட்காமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் அதிகம், அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டின் உடம்பைப் படுக்க வைத்த ஒரு பீப்பாய் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவும் நீளமும் தெரிந்தால் அந்தப் பீப்பாயின் கனவளவு தெரியும்: சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, 12,566 ஆல் வகுத்தால் லீற்றரில் வரும். ஜேர்சியின் பீப்பாய் 275 லீற்றர். அதில் தண்ணீரை நிரப்பினால் 275 கிலோ. சூத்திரம் தருவதோ 319. மீதி 44 கிலோ எங்கே? பீப்பாய்க்கு வெளியே இருக்கும் தலையும் கழுத்தும் கால்களும், நெஞ்சைவிட அகலமான வயிறும்தான் அந்த 44. சூத்திரம் எடுத்தவர்கள் அதையெல்லாம் 16 சதவீதமாக வகுக்கும் எண்ணுக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

ஆகவே அந்த மாட்டுப்பட்டியில் யாரும் திணிவை அளக்கவில்லை. நீளத்தை அளந்தோம். அதிலிருந்து கனவளவுக்குப் போனோம். தண்ணீரின் அடர்த்திதான் மாட்டின் அடர்த்தியும் என்று வைத்துக்கொண்டு திணிவுக்கு வந்தோம். மாட்டைப் பொறுத்தவரை இந்தக் கடைசிப் படியில் பெரிய ஆபத்தில்லை. ஆற்றில் இறங்கிய மாடு நீந்தும்போது முதுகும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். தண்ணீரைவிடக் கொஞ்சம் இலேசு, அவ்வளவுதான். லீற்றரும் கிலோவும் ஏறத்தாழ ஒரே எண்.

எல்லா விலங்குக்கும் அப்படிச் சொல்ல முடியாது. நம் மலைக்காடுகளில் இருக்கும் ஊதாமுக மந்தியின் மலையக வகைக்குத் தாழ்நிலத்து மந்தியைவிட ரோமம் நீளம், அடர்த்தியும் அதிகம். கிளையில் உட்கார்ந்திருக்கும்போது கரடிக்குட்டி மாதிரி இருக்கும், ஆங்கிலத்தில் அதைக் கரடிக் குரங்கு என்றே அழைத்தார்கள். அந்தத் தோற்றத்தில் ஒரு பங்கு ரோமத்துக்குள் அடைபட்ட காற்று. நனைந்த கோழியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண் பார்ப்பது வெளிக்கோட்டின் கனவளவை. மருந்தும் தீனியும் போவது உள்ளே இருக்கும் சதைக்கு.

பெரிய ஆய்வாளர்களுக்கே இந்தப் படியில் கால் வழுக்கியிருக்கிறது. பெருவில் கிடைத்த ஒரு பழங்காலத் திமிங்கிலத்துக்குப் பெருசீட்டஸ் என்று பெயரிட்டு, அதன் திணிவு 85 முதல் 340 தொன் வரை இருக்கலாம் என்று 2023 இல் எழுதினார்கள். நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிய விலங்கு என்று உலகம் முழுவதும் செய்தி போனது. அதன் எலும்பு அசாதாரணமான கனம். எலும்புக்கூடு இத்தனை மடங்கு கனமென்றால் உடம்பும் அதற்கேற்ற மடங்கு கனமாக இருக்கும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வழி. 2024 இல் வேறு இருவர் உடம்பின் நீளத்தையும் வடிவத்தையும் வைத்துக் கனவளவு வழியாகப் போனார்கள். 17 மீற்றர் நீளமென்றால் 60 முதல் 70 தொன், 20 மீற்றரென்றாலும் 98 முதல் 114 தொன் என்று அவர்களுக்கு வந்தது. எலும்பு அதேதான். எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குத் தாவினார்கள் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

மலையில் ஈர்ப்பு குறைவு, எவ்வளவு குறைவு?

மகள் சொன்னது பாடநூல்படி முழுக்கச் சரி. திணிவு என்பது உடம்பில் உள்ள பொருளின் அளவு, அது எங்கே போனாலும் மாறாது. நிறை என்பது பூமி அதை இழுக்கும் விசை, அது இடத்துக்கு இடம் மாறும். பிரீசியனின் நிறை ஏறத்தாழ 4,140 நியூட்டன். இதைச் சொல்லும் பிள்ளையை "படிச்ச திமிர்" என்று வாயை அடைப்பது நம் வீடுகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னதை எண்ணாக்கச் சொல்ல வேண்டும். அவளிடம் அதைத்தான் சொன்னேன், ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தால் ஈர்ப்பு கொழும்பில் இருப்பதைவிடப் பத்தாயிரத்துக்கு ஆறு பங்கு குறையும். காலடியில் இருக்கும் மலையும் சேர்ந்து இழுப்பதால் அந்தக் குறைவிலும் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். கொழும்பில் சரிபார்த்த விற்றராசு (சுருள்வில் தராசு) ஒன்றைக் கொண்டுவந்து 423 கிலோ மாட்டை இங்கே தொங்கவிட்டால் அதிகபட்சம் கால் கிலோ குறைத்துக் காட்டும். இருதட்டுத் தராசானால் அந்தக் கால் கிலோவும் கிடையாது, ஏனென்றால் படிக்கல்லையும் அதே ஈர்ப்புத்தான் இழுக்கிறது.

அவள் அதோடு விடவில்லை, காற்றின் மேலுதைப்பையும் கேட்டாள். 423 லீற்றர் இடத்தை மாடு அடைத்துக்கொண்டால், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய காற்றின் நிறையளவுக்கு மாடு இலேசாகத் தெரியும். கொழும்புக் காற்றில் அது அரைக் கிலோ. நுவரெலியாவின் மெல்லிய காற்றில் 400 கிராம் சொச்சம். ஆகவே மலையில் ஈர்ப்பு பறிக்கும் கால் கிலோவில் ஏறக்குறைய நூறு கிராமைக் காற்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை நான் மதிக்கிறேன். பௌதிகவியல் என்பது இப்படி இரண்டு சின்ன விசைகள் ஒன்றையொன்று தின்பதைப் பார்ப்பதுதான்.

ஆனால் பட்டிக்கு வருவோம். மாடு ஒரே மூச்சில் இரண்டு வாளி தண்ணீர் குடிக்கும். இருபது கிலோ ஏறிவிட்டது. வயிற்றில் எப்போதும் கிடக்கும் தீனியும் தண்ணீரும் மட்டுமே மாட்டின் திணிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். நாடாவை இரண்டு சென்ரிமீற்றர் தளர்வாகப் பிடித்தால் 176 என்பது 178 ஆகும், விடை ஏறக்குறைய பத்துக் கிலோ கூடிவிடும். நாடா பிடிக்கிற கை செய்யும் பிழை, மலையின் உயரம் செய்யும் வித்தியாசத்தைப் போல நாற்பது மடங்கு. இதை எழுதிக் காட்டியதும் அவளே நியூட்டனை ஓரமாக வைத்துவிட்டு நாடாவை வாங்கி இன்னொரு முறை அளந்தாள்.

ஒரு சாணுக்குள் ஒளிந்திருப்பது

அத்தான் ஏமாற்றுகிறவர் இல்லை. அவர் கண் பார்த்ததைச் சொன்னார். கண்ணுக்கு உயரமும் நீளமும் தெரியும், கன அளவு தெரியாது. எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு கூடினால் தோலின் பரப்பு 21 சதவீதமும் கனவளவு 33 சதவீதமும் கூடும். கலிலியோ 1638 இல் வெளிவந்த நூலில் இதைத்தான் எலும்பை வைத்து விளக்கினார்: உடம்பு பெருக்கும் வேகத்துக்கு எலும்பின் வெட்டுமுகம் பெருக்காது, ஆகவே பெரிய விலங்கின் எலும்பு அதன் நீளத்துக்கேற்ற தடிப்பைவிடக் கூடுதலாகத் தடித்திருக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் சிறுத்தை. இலங்கைச் சிறுத்தைகளை அளந்த பழைய பதிவுகளில் ஆணின் தலையும் உடம்பும் சேர்ந்த சராசரி நீளம் 127 சென்ரிமீற்றர், பெண்ணுடையது 104. வித்தியாசம் 22 சதவீதம். திணிவோ ஆணுக்கு 56 கிலோ, பெண்ணுக்கு 29. ஏறக்குறைய இரண்டு மடங்கு! தேயிலை மலையில் சாயங்கால வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து "கன்னுக்குட்டி சைசு இருந்துச்சு" என்று ஒருவர் சொல்வார், "அவ்வளவெல்லாம் இருக்காது, நாயவிடக் கொஞ்சம் பெருசு" என்று இன்னொருவர் மறுப்பார். இருவரும் ஆளுக்கொரு சிறுத்தையைப் பார்த்திருக்கலாம். ஒரே சிறுத்தையைப் பார்த்து, ஒருவர் நீளத்தையும் மற்றவர் பருமனையும் சொல்லியிருக்கலாம். வால் வேறு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் இருக்கும். அதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் தனிக் கணக்கு.

பட்டியில் நீளத்தின் இந்த மூன்றாம் அடுக்கு (1.1 × 1.1 × 1.1) நேராகப் போய் உட்கார்ந்த இடம் பூச்சி மருந்துப் போத்தல். இதுவரை இரண்டு மாட்டுக்கும் ஒரே அளவு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டும் பெரிய மாடுதானே" என்பது நியாயம். அல்பெண்டசோல் போன்ற மருந்து மாட்டுக்குக் கிலோவுக்கு 7.5 முதல் 10 மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுவது. ஜேர்சிக்குச் சரியான அளவைப் பிரீசியனுக்கு ஊற்றினால் அதற்குத் தேவையானதில் முக்கால்வாசிதான் போகும். பத்துக்குப் பதினொன்று என்று கூட்டி ஊற்றினாலும் 17 சதவீதம் குறையும். குறைந்த அளவில் தப்பிப் பிழைக்கும் புழுக்கள்தான் மருந்துக்குக் கட்டுப்படாத அடுத்த தலைமுறையைப் பெற்றுப் போடும். பிரீசியனுக்குச் சரியான அளவை ஜேர்சிக்கு ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு மிகை. அது சினைப்பட்ட தொடக்க வாரங்களில் இருக்கும் மாடாக இருந்தால் இந்த மருந்தே கூடாது. கால்நடை வைத்தியர் "மாடு எத்தனை கிலோ?" என்று முதலில் கேட்பது சடங்குக்காக இல்லை. இந்த ஆய்வில் மிக அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது இதுதான், தீவனக் காசு இரண்டாம் பட்சம். அன்றைக்கே இரண்டு மாட்டின் கிலோவையும் போத்தலில் ஒட்டி வைத்தார்கள்.

கிலோவைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக்கூடாது. 1962 இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர விலங்குக் காட்சிசாலையில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு ஓர் ஆய்வுக்காக எல்.எஸ்.டி. ஊசி போட்டார்கள். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று பூனைகளுக்குக் கொடுத்த அளவையே யானையின் ஏறத்தாழ 3,000 கிலோவால் பெருக்கி 297 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் யானை விழுந்தது, இரண்டு மணி நேரம் ஆவதற்குள் செத்தது. பெருக்கலில் தவறில்லை. மூன்று கிலோப் பூனையின் உடம்பு ஒரு மருந்தை எரித்துத் தீர்க்கும் வேகத்தில் 3,000 கிலோ யானையின் உடம்பு வேலை செய்யாது, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் யானை மிகவும் மெதுவானது. ஒரே இனத்துக்குள், 319 க்கும் 423 க்கும் நடுவில், பூச்சி மருந்தைக் கிலோக் கணக்கில் கொடுப்பது பாதுகாப்பானது. இனம் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

தீனிக்கு எந்தப் பெருசு?

யானையின் அந்த மெதுவான உடம்புதான் நம்மைத் தீவனச் செலவுக்குக் கொண்டுவருகிறது. 33 சதவீதம் கனமான மாடு 33 சதவீதம் அதிகம் தின்னுமா?

தின்னாது. 1883 இல் ஜெர்மனியில் ரூப்னர் பெரிய நாயையும் சிறிய நாயையும் ஒப்பிட்டு, உடம்பு செலவிடும் வெப்பம் கிலோவைவிடத் தோலின் பரப்போடுதான் ஒத்துப்போகிறது என்றார். 1932 இல் கலிபோர்னியாவில் மக்ஸ் கிளைபர், சின்ன விலங்கிலிருந்து பெரிய விலங்குவரை வரிசையாக வைத்துப் பார்த்து, அது திணிவின் முக்கால் அடுக்குப்படி ஏறுகிறது (திணிவு 16 மடங்கானால் வெப்பம் 8 மடங்குதான்) என்று காட்டினார். அடுக்கு மூன்றில் இரண்டா (தோலின் பரப்பு ஏறுவது அப்படித்தான்), நான்கில் மூன்றா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. கால்நடைத் தீவனக் கணக்குகள் முக்கால் அடுக்கையே எடுத்துக்கொள்கின்றன. நம் இரண்டு மாட்டுக்கு ரூப்னர் வழியில் போனால் அத்தானின் பங்கு ஆயிரத்துக்கு 547 ரூபாய், கிளைபர் வழியில் 553. ஆறு ரூபாய்க்கு அறிவியல் உலகம் நூறு வருடமாக வாதாடுகிறது என்று நினைக்க வேண்டாம், எலிக்கும் யானைக்கும் நடுவில் அந்த ஆறு ரூபாய் பெரும் பள்ளமாகிவிடும். பட்டிக்குள் அது பொருட்டில்லை.

ஆக, உயிரோடு சும்மா நிற்பதற்கு மட்டும் பார்த்தால் பத்துக்குப் பதினொன்றும் இல்லை, மூன்றுக்கு நான்கும் இல்லை. நாலுக்கு ஐந்து. அத்தானும் மச்சானும் நடுவில் சந்திக்கலாம் போலிருந்தது, மச்சான் தலையாட்டவும் செய்தார்.

அப்போதுதான் அம்மா கேட்டார்: "கறவை மாடு சும்மாவா நிக்குது?"

கேள்வி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 423 கிலோ உடம்பை ஒரு நாள் நிறுத்தி வைக்க ஏறத்தாழ 7.5 மெகாகலோரி ஆற்றல் வேண்டும். 319 கிலோவுக்கு 6. பால் என்று வந்தால், கொழுப்பு நான்கு சதவீதமுள்ள பாலில் பத்து லீற்றர் கறக்க அதே 7.5 மெகாகலோரி போகும். ஒரு முழு மாட்டின் ஒரு நாள் உயிர்ச்செலவு அந்தப் பத்து லீற்றருக்குள் இருக்கிறது! பிரீசியன் அப்போது பத்து லீற்றர் கறந்துகொண்டிருந்தது, பால் கொஞ்சம் தண்ணி. கொழுப்பு மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 6.9 மெகாகலோரி. ஜேர்சி எட்டு லீற்றர்தான், ஆனால் ஜேர்சிப் பால் கெட்டி. ஐந்து சதவீதம் என்று வைத்தால் அதற்கும் 6.9. பாலுக்காக இரண்டு மாடும் செலவிடுவது ஒன்றே.

கூட்டினால் ஜேர்சிக்கு ஒரு நாளைக்கு 12.9, பிரீசியனுக்கு 14.4. அத்தானின் பங்கு ஆயிரத்துக்கு 527 ரூபாய். அவர் நாடா எடுக்காமல், நிறுக்காமல், கண்ணால் பார்த்துச் சொன்ன பத்துக்குப் பதினொன்று 524.

அத்தானுக்கு முகம் மலர்ந்தது, "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள!" என்றார். அவர் சொன்ன எண் சரி, சொன்ன காரணம் சரியில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நீளத்தின் விகிதமும் தீனியின் விகிதமும் இந்த மாதத்தில் தற்செயலாக ஒன்றாக வந்திருக்கின்றன. பால் மாறினால் பிரிந்துவிடும். ஜேர்சி வற்றிப்போய்ச் சினையின் கடைசி இரண்டு மாதத்தில் நிற்கும்போது அதற்குப் பால் செலவு கிடையாது, வயிற்றுக் கன்றுக்காக உயிர்ச்செலவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடும். அந்த மாதங்களில் அத்தான் கொடுக்க வேண்டியது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 643. பிரீசியன் வற்றினால் மச்சான் பக்கம் பாரம் சாயும். மாட்டின் உருவம் அப்படியே இருக்கும், விகிதம் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

மழைப்புல்

அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவருடைய கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானது என்று நினைக்கிறேன்.

மாட்டுக்குத் தீனியைக் கணக்கிடுகிறவர்கள் புல்லின் கிலோவைப் பார்ப்பதில்லை, உலர்ந்த பொருளைப் பார்க்கிறார்கள். கறவை மாடு ஒரு நாளைக்குத் தன் திணிவில் இரண்டரை சதவீதம் அளவுக்கு உலர்ந்த தீனி தின்னும் என்று வைத்தால் பிரீசியனுக்கு பத்தரைக் கிலோ, ஜேர்சிக்கு எட்டு. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த பொருள். அப்படியென்றால் பச்சையாக 53 கிலோவும் 40 கிலோவும் வேண்டும். இளசான புல்லில் தண்ணீர் இன்னும் அதிகம். அதற்கு மேல் மழைத் தண்ணீர். 25 கிலோக் கட்டில் மேலே ஒட்டிய மழை மட்டும் ஐந்து கிலோ என்றால் மாட்டுக்குப் போனது 20 கிலோப் புல், முதுகுக்கு வந்தது 25.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதே தண்ணீருக்காகக் கிலோ கழித்துப் பெயர் போடுவதை (அன்றைய வேலையைப் பதிவதை) அவர் பல வருடமாகப் பார்க்கிறார். கழித்த கிலோவால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) அரைப்பேரான (அரை நாள் சம்பளமான) நாட்களும் உண்டு. அங்கே தண்ணீரைப் பொருளிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள், காசு கொடுப்பவர் பக்கம் கணக்கு துல்லியமாக இருக்கிறது. புல்லுக்கு வந்தால் "ரெண்டு கட்டு போதும்" என்று வீட்டு ஆண்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு கட்டு போதாது, மாடு மெலிகிறது, பால் இறங்குகிறது, "தீவனம் பத்தல" என்று இன்னொரு மூட்டை வாங்குகிறார்கள். தீவனச் செலவு ஏறியதற்கு விலை உயர்வு ஒரு காரணம் என்றால் எடைக்குள் மறைந்த இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். திணிவா நிறையா என்ற வாதத்தில் கால் கிலோதான் நின்றது, இங்கே ஒரு கட்டுக்கு ஐந்து கிலோ. இதற்கு உயர்தரப் பௌதிகவியல் தேவைப்படவில்லை, சுமந்தவருக்குத் தெரிந்திருந்தது.

செய்தது என்னவென்றால், மழை நாளில் புல்லை அறுத்ததும் பட்டியில் கட்டாமல் தாழ்வாரத்தில் பரப்பி வாடவிட்டுப் போடுவது. மழை மாதங்களில் மூன்றாவது கட்டு ஒன்று, அதை மச்சான் அறுத்துக் கொண்டுவருவது. இதை அம்மா நேரடியாகவே கேட்டு வாங்கினார்.

தீவனக் காசுக்கு 527 க்கு 473 என்று இந்தக் கறவைக்கு ஒத்துக்கொண்டார்கள். எந்த மாடாவது வற்றினாலோ கன்று போட்டாலோ மகள் புதிதாகக் கணக்குப் போடுவாள். நாடாவை மாதத்துக்கு ஒரு முறை, காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன், ஒரே ஆள் பிடிப்பது. பட்டியில் இடம் பிரிப்பதில் மட்டும் அத்தானின் சாண் கணக்கு அப்படியே நின்றது, நிற்கும் இடத்துக்கு நீளம்தானே வேண்டும்.

இன்னும் முடியாதது சாணிக் கணக்கு. இரண்டு மாட்டுச் சாணியும் ஒரே குழியில் விழுகிறது, எருவாக்கி லீக்ஸ், கரட் போடும் மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்கிறார்கள். மச்சான் அதில் பாதி கேட்கிறார். தின்ற உலர்ந்த தீனியின் அளவுக்குத்தான் சாணி வரும், ஆகவே தீவன விகிதத்திலேயே எருவையும் பிரிக்க வேண்டும், பத்தொன்பது மூட்டைக்குப் பத்து எங்களுக்கு, ஒன்பது உங்களுக்கு என்பது மகளின் வாதம். "மூட்டைன்னா கனவளவுதானே, அமுக்கிக் கட்டுனா எட்டு மூட்டைதான் வரும்" என்று மாமா அவளையே மடக்கினார். எருவை வாங்குகிறவர் மூட்டைக்குத்தான் காசு கொடுக்கிறார், கிலோவுக்கு இல்லை. இப்போதைக்கு மூட்டையை யார் கட்டுவது என்பதில் பேச்சு நிற்கிறது.